கதிர்காமப் பாத யாத்திரையில் ஒரு நாள்: திருகோணமலை மாவட்டத்தில் எந்தப் பகுதியை நடப்பது?

உவர்மலை மகள் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம்.

யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றில் உள்ள செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் இருந்து புறப்பட்டுக் கதிர்காமம் வரை நடக்கும் பாத யாத்திரை அடியார்கள், ஆண்டுதோறும் எங்கள் மாவட்டத்தை வடக்கில் இருந்து தெற்காகக் கடந்து போகிறார்கள். புல்மோட்டையில் நுழைந்து, குச்சவெளி, நிலாவெளி வழியாகத் திருகோணமலை நகருக்கு வந்து, கோணேசரையும் பத்திரகாளி அம்மனையும் தரிசித்துவிட்டு, கொட்டியாரக் குடாவைச் சுற்றிக்கொண்டு கிண்ணியா, மூதூர், ஈச்சிலம்பற்று என்று வெருகல் வரை அவர்கள் நடப்பதைச் சிறுவயதில் இருந்தே வீதியோரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவர்களோடு நான் நடந்ததில்லை.

அம்மா நடந்திருக்கிறார். 1983க்கு முன்னர், திருமணமாகாத காலத்தில், தம்முடைய தகப்பனாரோடு இங்கிருந்து கதிர்காமம் வரை போய் வந்தவர் அவர். அப்போது நகரத்து இறங்குதுறையில் லோஞ்ச் ஏறி மூதூரில் இறங்கி, அங்கிருந்துதான் நடையைத் தொடங்குவார்களாம். அதன்பின் கலவரமும் போரும் வந்தன, பாதை அடைபட்டது, பாதை திறந்தபோது பிள்ளைகளின் படிப்பும் குடும்பப் பொறுப்புகளும் அவரை விடவில்லை. இப்போது அவருக்கு 66 வயது. நீரிழிவுக்குக் குளிசை எடுத்து வருகிறார். முழுத்தூரமும் இனித் தம்மால் ஆகாது என்பதை அவரே ஏற்றுக்கொண்டுவிட்டார். ஆனால், ‘ஒரு நாளாவது வேலுக்குப் பின்னால் நடந்துவிட்டால் போதும்’ என்று இந்த வருடம் தொடக்கத்தில் இருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறார். அவரோடு நானும் நடப்பதென்று இருக்கிறேன்.

எனக்குத் தெரியவேண்டியவை இவை. எங்கள் மாவட்டத்துக்குள் ஒரு நாள் மட்டும் நடப்பதானால் எந்தப் பகுதியைத் தேர்ந்தெடுப்பது நல்லது? நிலாவெளியில் இருந்து நகரம் வரை நடப்பதா, அல்லது தெற்கே போய் வெருகலை நோக்கி நடப்பதா என்று வீட்டில் இரு கருத்துகள் இருக்கின்றன. நடக்கும் அந்த நாள் காலை முதல் இரவு வரை எப்படிப் போகும், நாங்கள் எதைக் கொண்டுவர வேண்டும், எதைக் கொண்டுவரக் கூடாது? இறுதியாக, நாற்பது ஐம்பது நாட்கள் விரதமிருந்து நடந்து வருகிறவர்களிடையே, ஒரே ஒரு நாளுக்கு வந்து சேர்ந்துகொள்வதை அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்? இந்தக் கடைசிக் கேள்விதான் அம்மாவை மிகவும் தயங்க வைக்கிறது. நடந்து அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து விரிவாக எழுதுங்கள்.


சந்நிதி அடியவன் எழுதியது:

தங்கச்சி, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அம்மாவின் மனத்தில் அந்தத் தயக்கம் இருக்கவே வேண்டாம். இந்த யாத்திரை தொடக்கத்தில் இருந்து முடிவு வரை ஒரே கூட்டமாக நடப்பதில்லை. சந்நிதியில் புறப்படும்போது சிறு தொகையினராக இருப்பவர்கள், முல்லைத்தீவில் சிலரையும் திருகோணமலையில் சிலரையும் மட்டக்களப்பில் பலரையும் சேர்த்துக்கொண்டு போகிறார்கள். உகந்தையில் காட்டுக்குள் இறங்கும்போதுதான் அது ஆயிரக்கணக்கானோரின் யாத்திரையாகிறது. ஒவ்வோர் ஊரிலும் அந்த ஊர்ச் சனங்கள் அடுத்த கோயில் வரை கூட நடந்து வந்து, வேலைக் கும்பிட்டு, திருநீறு வாங்கிக்கொண்டு திரும்புவது நெடுங்கால வழக்கம். கைக்குழந்தையோடு ஒரு கட்டை (மைல்) தூரம் மட்டும் வந்து திரும்பும் தாய்மாரும் உண்டு. நடப்பவர் ஆணோ பெண்ணோ, ஒரு நாள் நடப்பவரோ ஐம்பது நாள் நடப்பவரோ, எல்லோரையும் ‘சாமி’ என்றுதான் அழைப்போம். உங்கள் அம்மாவையும் அப்படித்தான் அழைப்பார்கள்.

இனி அந்த நாள் எப்படிப் போகும் என்பதைச் சொல்கிறேன். அதிகாலை 3 மணிக்கெல்லாம் ஒருவர் எழுந்து சங்கு ஊதுவார், அல்லது மணியடிப்பார். விளக்கு இல்லாத கோயில் மண்டபத்தில் பாய் சுருட்டும் சத்தமும், கிணற்றடியில் வாளி மோதும் சத்தமும், யாரோ ஒருவர் மெல்லிய குரலில் கந்தசஷ்டி கவசம் சொல்லும் சத்தமும் ஒன்றாகக் கேட்கும். குளித்து, திருநீறு பூசி, வேலுக்குக் கற்பூரம் காட்டி முடிய 4 மணியாகிவிடும். அதன்பின் வேல் தாங்குபவர் முன்னே நடக்க, மற்றவர்கள் பின்னே நடப்பார்கள். வேலை முந்திக்கொண்டு யாரும் நடப்பதில்லை. இதுதான் முதலாவது ஒழுங்கு. எங்கள் குழுவின் வேலில் மயிற்பீலியும் சிறுசிறு வெண்கல மணிகளும் கட்டியிருக்கும். இருட்டில் வேல் கண்ணுக்குத் தெரியாது, அந்த மணிச் சத்தம்தான் வழி காட்டும். முன்னால் ஒருவர் ‘கதிர்காம வேலனுக்கு’ என்று எடுத்துக் கொடுக்க, பின்னால் உள்ளவர்கள் ‘அரோகரா’ என்பார்கள். மற்ற நேரங்களில் பேச்சைக் குறைத்துக்கொண்டு நடப்பது நல்லது.

ஆனி மாதத்தில் இங்கே 6 மணிக்குச் சற்று முன்னரே சூரியன் கடலுக்கு மேலே வந்துவிடும். 8 மணிக்குத் தார் வீதி சூடேறத் தொடங்கும். 9 மணி, மிஞ்சினால் 10 மணிக்குள் அன்றைய தங்கும் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பதே எல்லாக் குழுக்களின் கணக்கும். அதற்குள் 15 கிலோமீற்றர் போல நடந்திருப்போம். இடையில் ஊரார் தாகசாந்தி வைத்திருப்பார்கள். ஒரு கோப்பை மல்லித் தண்ணீரோ, பிளேன்ரீயோ, மோரோ கிடைக்கும். நின்று குடித்துவிட்டு, கொடுத்தவருக்குத் திருநீறு பூசிவிட்டு நடப்போம். பிற்பகல் 4 மணிக்குமேல் வெயில் தாழ்ந்தால், தேவைக்கேற்ப இன்னும் கொஞ்சத் தூரம் நடப்பதுண்டு.

நான் உங்களிடம் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. ஒரு நாள் மட்டும் வருகிறவர்களில் பலர், காலை நடை முடிந்ததும் தங்கள் நேர்த்தி முடிந்தது என்று எண்ணி, ஓட்டோவைக் கூப்பிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நடை அந்த நாளில் பாதிதான். காலை 10 மணியில் இருந்து மாலை வரை, கச்சான் காற்று அனல்போல வீசும்போது, வேப்பமரத்தின் கீழோ மண்டபத்துத் தூணிலோ சாய்ந்திருக்கும் அந்த நேரத்தில்தான் யாத்திரையின் மற்றப் பாதி நடக்கிறது. அப்போது ஒருவர் மற்றவரின் காலுக்கு நல்லெண்ணெய் தேய்த்து விடுவார். வயதான அம்மா ஒருவர் எல்லோருடைய கிழிந்த சேலைத் தலைப்பையும் தைத்துக் கொடுப்பார். அன்னதானத்துக்கு இலை போடும்போது, எந்த ஊர், என்ன உத்தியோகம், என்ன குலம் என்று ஒருவரும் கேட்காமல் ஒரே பந்தியில் அமர்வோம். ஊர்ப் பெண்கள் வந்து தங்கள் துயரங்களை அடியார்களிடம் சொல்வார்கள், அடியார்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இரவுப் பூசையும் பஜனையும் முடிந்து எல்லோரும் படுக்க 9 மணியாகும். உங்கள் அம்மா தம் தகப்பனாரோடு நடந்த நாட்களில் இதை எல்லாம் பார்த்திருப்பார். ஆகவே முதல் நாள் மாலையே வந்து எங்களோடு தங்கி, மறுநாள் இரவுப் பூசை வரை இருந்துவிட்டுப் போங்கள்.

கொண்டுவர வேண்டியவை மிகக் குறைவு. தோளில் தொங்கும் துணிப்பை ஒன்று, மாற்று உடை ஒன்று, துவாய், தண்ணீர்ப் போத்தல், பாய் அல்லது தடித்த விரிப்பு, டோர்ச் லைட். ஒவ்வொரு கிலோவும் பத்தாவது கிலோமீற்றரில் இரண்டு கிலோவாகிவிடும். சமைத்த உணவு கொண்டுவர வேண்டாம். அடியார்கள் ஊரார் தருவதை உண்டே நடக்கிறார்கள். ஊராருக்கும் அது ஒரு நேர்த்தி. ஏதாவது கொடுக்க விரும்பினால், தங்கும் கோயிலின் அன்னதானத்துக்கு அரிசியோ பருப்போ மரக்கறியோ முதல் நாளே கொடுத்துவிடுங்கள். ஒருமுறை குடித்துவிட்டு எறியும் பிளாஸ்ரிக் போத்தல்களை வாங்காதீர்கள். நாம் போன பிறகு அந்த ஊரார்தான் அவற்றைப் பொறுக்க வேண்டியிருக்கிறது.

இடத்தைப் பொறுத்தவரை, நான் ஈச்சிலம்பற்றுப் பக்கம் தொடங்கி வெருகலில் முடியும் நாளைத்தான் சொல்வேன். வெருகலாற்றங்கரையில் சித்திரவேலாயுதர் சந்நிதியில் வேல் போய்ச் சேருவதைப் பார்ப்பதற்கே அங்கு நடக்கலாம். அது எங்கள் மாவட்டத்தின் கடைசிப் பெரிய தலமும்கூட. அதற்கு அப்பால் கதிரவெளி, வாகரை என்று மட்டக்களப்பு மாவட்டம் தொடங்கிவிடும். நகரத்துக்குள் நடக்கும்போது கிடைக்காத அமைதி அங்கே கிடைக்கும்.

ஒரு விடயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உகந்தையில் இருந்து குமண, யால காடுகளின் வழியே செல்லும் பாதை, கதிர்காமக் கொடியேற்றத்தை ஒட்டிய சில நாட்களுக்கு மட்டுமே அடியார்களுக்குத் திறக்கப்படுகிறது. எல்லாக் குழுக்களும் அந்தத் திகதியில் இருந்து பின்னோக்கி எண்ணித்தான் ஒவ்வோர் ஊரிலும் தங்கும் நாளைத் தீர்மானிக்கின்றன. ஆகையால் ஒருவருக்காகக் குழு வீதியில் காத்து நிற்பது கடினம். உங்கள் அம்மாவால் நடக்க முடியாமல் போனால் அவரை அழைத்துச் செல்ல ஒரு வாகனத்தை நீங்களே ஒழுங்கு செய்து வைத்திருங்கள். அதில் ஏறுவது நேர்த்திக்குக் குறைவாகாது.


கொட்டியாரத்துத் தாதி எழுதியது:

அண்ணா சொன்ன நடைமுறைகள் அனைத்தோடும் உடன்படுகிறேன். இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் எனக்கு வேறு கருத்து இருக்கிறது. நான் அரச வைத்தியசாலை ஒன்றில் தாதியாகப் பணிபுரிகிறேன். யாத்திரைக் காலத்தில் ஓய்வு நாட்களில் அடியார்களின் கால்களுக்கு மருந்து கட்டும் சேவையிலும் இருந்து வருகிறேன். 66 வயதான, நீரிழிவு உள்ள ஒருவர் ஆனி மாத வெயிலில் நடக்கப்போகிறார் என்றால், அதை முதலில் உடல்நல விடயமாகவே நான் பார்ப்பேன்.

தங்கச்சி, முதல் வேலையாக அம்மாவை அவருடைய கிளினிக் வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். நீண்ட நேரம் நடக்கும்போது தசைகள் இரத்தத்தில் உள்ள சீனியை வழக்கத்தைவிட வேகமாகச் செலவழிக்கும். குளிசையையும் எடுத்துவிட்டு, விரதமென்று உணவையும் தவிர்த்துவிட்டு நடந்தால் சீனி அளவு ஆபத்தான முறையில் தாழ்ந்துபோகும். இன்சுலின் போடுபவர்களுக்கும், கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் குளிசைகளை எடுப்பவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். அன்றைக்கு எந்தக் குளிசையை எந்த அளவில், எந்த உணவோடு எடுப்பது என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அம்மா விரதமிருக்க விரும்பினால் மரக்கறி உணவோடு இருக்கட்டும். பட்டினியோடு நடக்க வேண்டாம்.

உடல் நடுங்கி, குளிர்ந்து வியர்த்து, கண் இருண்டு, பேச்சுக் குழறினால் சீனி குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, உடனே நிழலில் உட்கார்த்தி, மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளிவு வரவில்லையானால் மறுபடியும் கொடுங்கள். மயங்கிக் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அந்த நிலையில் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். வெயிலில் நடந்தவர் உடல் கொதித்து, நினைவு தடுமாறி, தொடர்பில்லாமல் பேசத் தொடங்கினால், அம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல் உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்தது கால்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே எழுதுகிறேன். வெறுங்காலோடு நடப்பதுதான் முறை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் நீண்டகால நீரிழிவு உள்ளவர்களின் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கக்கூடும். தார் சுடுவதோ முள் ஏறியதோ அவர்களுக்குத் தெரியாது. சென்ற முறை ஒரு பெரியவரின் பாதத்தைக் கழுவியபோது, உள்ளங்காலில் ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்குத் தோல் வெந்து கழன்றிருந்தது. நான் சொல்லும்வரை அவருக்கு அது தெரியாது. தம் கால் தூசியாக இருப்பதாக மட்டும் எண்ணி வந்து உட்கார்ந்திருந்தார். அத்தகைய புண்கள் மாதக்கணக்கில் ஆறாமல் இழுத்து, விரலை எடுக்கும் நிலைவரை கொண்டுபோய்விடும். ஆகவே அம்மா, ஏற்கெனவே போட்டுப் பழகிய, விரல்களை நெருக்காத சப்பாத்தைப் பருத்திக் காலுறையோடு அணியட்டும். புதிதாக வாங்கியதை அன்றைக்கு முதல் முறையாகப் போட வேண்டாம். கோயில் வீதிக்குள் போகும்போது கழற்றினால் போதும். முருகன் கோயிலுக்கு நடக்கிறவர் காலைப் பாதுகாப்பதில் எந்தக் குறையும் இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஓரிடத்தில் தோல் சூடாகி உரசுவது தெரிந்த உடனேயே நின்று அங்கே பிளாஸ்டர் ஒட்டிவிட்டால் கொப்புளம் பெரும்பாலும் வராது. ‘அடுத்த தாகசாந்தி வரட்டும்’ என்று பொறுப்பவர்களுக்குத்தான் வருகிறது. வந்த கொப்புளத்தின் தோலை உரித்து எடுக்காதீர்கள். அந்தத் தோல்தான் உள்ளே இருக்கும் புண்ணுக்கு மூடி. தண்ணீரைத் தாகம் எடுக்குமுன் சிறுகச் சிறுகக் குடியுங்கள். அதிகம் வியர்த்தால் ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த நீரிழப்புத் தூள்) பைக்கற் ஒன்றை ஒரு லீற்றர் நீரில் கரைத்து வைத்துக் குடிக்கலாம். அன்று கரைத்ததை மறுநாளுக்கு வைக்க வேண்டாம். இரத்த அழுத்தத்துக்குக் குளிசை எடுப்பவரானால் அதையும் வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இவற்றால்தான் நிலாவெளி – நகரம் என்ற பகுதியே பொருத்தம் என்கிறேன். தூரம் 15 கிலோமீற்றர் அளவுதான். சாம்பல்தீவு, உப்புவெளி என்று வழி நெடுகக் குடிமனைகளும் கடைகளும் நிழலும் உண்டு. எந்த இடத்தில் நின்றாலும் பஸ்ஸோ ஓட்டோவோ கிடைக்கும். பெரிய வைத்தியசாலை நகரத்திலேயே இருக்கிறது. வெருகல் பக்கத்தில் அப்படி இல்லை.


சம்பூர் அம்மா எழுதியது:

மகளுக்கு ஆசிகள். இரண்டு பிள்ளைகளும் எழுதியதை வாசித்தேன். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மூன்றாவதாக ஒரு வழியையும் யோசித்துப் பாருங்கள்.

மூதூரில் இருந்து கட்டைபறிச்சான், சேனையூர் வழியாகச் சம்பூர் பத்திரகாளி அம்பாள் கோயிலுக்கு வரும் குழுக்களும் உண்டு. அந்த நடை நீளமானதல்ல; மூதூரில் இருந்து அதிகாலையில் புறப்பட்டால் வெயில் ஏறும் முன்னரே எங்கள் ஊருக்கு வந்துவிடலாம். பாதி வழியில் கட்டைபறிச்சானில் சேர்ந்துகொண்டால் அம்மாவுக்கு இன்னும் இலகு. இடைவழியில் களைத்துப் போனால் உட்காருவதற்கு வீடுகள் இருக்கின்றன. மூதூரில் வைத்தியசாலையும் இருக்கிறது.

எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2006 இல் நாங்கள் எல்லோரும் இடம்பெயர்ந்து போனோம். காணிகள் உயர்பாதுகாப்பு வலயமாக இருந்த அந்த ஆண்டுகளில், கிளிவெட்டியிலும் வேறிடங்களிலும் தகரக் கொட்டில்களில் இருந்தோம். யாத்திரைக் காலம் வரும்போது, எங்கள் ஊர் வழியே வரும் அடியார்களுக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுக்க எங்களுக்கு ஒரு வாசல் இல்லையே என்ற கவலைதான் எனக்குப் பெரிதாக இருந்தது. எங்கள் வீட்டில் என் மாமியார் காலத்தில் இருந்தே, அடியார்கள் வரும் நாளில் பெரிய கிடாரத்தில் கஞ்சி காய்ச்சி, தேங்காய்ச் சொட்டும் பனங்கட்டியும் வைத்துக் கொடுப்பது வழக்கம். 2015, 2016 ஆண்டுகளில் காணிகள் விடப்பட்டு நாங்கள் திரும்பி வந்தபோது கிணறு தூர்ந்திருந்தது, வீடு இருந்த இடத்தில் பற்றைதான் நின்றது. கிணற்றை இறைத்து முடித்ததும், வீட்டுக்குக் கூரை போடுவதற்கு முன்னரே, அடியார்களுக்குக் கஞ்சி காய்ச்சினோம். இப்போது எங்கள் ஒழுங்கையில் உள்ள எல்லா வீட்டாரும் சேர்ந்தே செய்கிறோம். பயறும் தேங்காய்ப்பாலும் சேர்த்து, சீனி போடாமல் ஒரு பானை தனியாகவும் வைப்போம். நீரிழிவு உள்ள சாமிமார் இப்போது பலர் வருகிறார்கள்.

மூதூரிலும் கிண்ணியாவிலும் முஸ்லிம் சகோதரர்கள் தங்கள் வாசலில் தண்ணீரும் சர்பத்தும் வைத்திருப்பதை நீங்கள் வழியில் காண்பீர்கள். கதிர்காமத்தில் முருகன் சந்நிதிக்கு அருகிலேயே பள்ளிவாசலும் இருக்கிறது, அங்கும் அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் போய்வருகிறார்கள். கொடுப்பதை மறுக்காமல் வாங்கிக் குடியுங்கள், மகள். நாங்கள் எல்லோரும் ஒரே கடலோரத்தில் வாழ்ந்து, ஒரே ஆண்டுகளில் சுனாமியையும் போரையும் தாங்கியவர்கள்.

உங்கள் அம்மா லோஞ்சில் வந்து மூதூரில் இறங்கி நடந்தவர் என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் காலத்தில் அவர் நடந்த வழியும் எங்கள் பக்கமாகவே இருந்திருக்கக்கூடும். அவரிடம் கேட்டுப் பாருங்கள். பகலில் தங்குவதற்கு எங்கள் வீடு இருக்கிறது. பெண்கள் குளிக்கவும் உடை மாற்றவும் மறைவான இடம் உண்டு. கோயிலடியில் வந்து கஞ்சி காய்ச்சும் வீடு எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள்.


உவர்மலை மகள் எழுதியது:

மூவருக்கும் நன்றி. எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சம்பூரில் ஒரு பெரிய ஆலமரத்தின் கீழ் தகப்பனாரோடு படுத்துறங்கியது தமக்கு நினைவிருக்கிறது என்று உடனே சொல்லிவிட்டார். ஆகவே கட்டைபறிச்சானில் சேர்ந்து சம்பூர் வரை நடந்து, பகல் முழுவதும் அங்கேயே தங்கி, இரவுப் பூசையின் பின் திரும்புவது என்று முடிவு செய்திருக்கிறோம். கிளினிக்குக்கு அடுத்த வாரம் போகிறோம். வெறுங்காலைப் பற்றி அம்மா சிறிது வாதாடினார். அந்தப் பெரியவரின் பாதத்தைப் பற்றி வாசித்த பின்னர் சப்பாத்துக்குச் சம்மதித்துவிட்டார்.

இரண்டு சிறிய சந்தேகங்கள். குழு எந்த நாளில் அங்கே வரும் என்பதை எப்படி அறிவது? இருட்டில் நடக்கும்போது யானை பற்றிய பயம் அந்தப் பகுதியில் உண்டா? தம்பியும் வருகிறான். அவன் மட்டும் தொடர்ந்து வெருகல் வரை போக விரும்புகிறான்.


சந்நிதி அடியவன் எழுதியது:

நல்ல முடிவு, தங்கச்சி. நான் வெருகல் என்று சொன்னது என் ஆசை. அம்மாவின் நினைவு சம்பூரில் இருக்கும்போது அங்கே நடப்பதே சரி.

திகதி ஆண்டுக்காண்டு மாறும். குழுவுக்குக் குழுவும் மாறும். கதிர்காமக் கொடியேற்றத் திகதி அறிவிக்கப்பட்டதும் அதில் இருந்து ஏறத்தாழ ஒரு மாதத்தைப் பின்னோக்கி எண்ணிக்கொண்டு, அந்த நாட்களில் நகரத்துப் பத்திரகாளி அம்மன் கோயிலில் விசாரித்துக்கொண்டே இருங்கள். குழுக்கள் நகரத்துக்கு வந்ததும் ஓரிரு நாள் தங்கி, கோணேசர் கோயிலுக்கும் போய்வந்து, அதன்பின்பே தெற்கே புறப்படும். அப்போதே குழுத் தலைவரை நேரில் கண்டு கும்பிட்டு, நீங்கள் மூவரும் எங்கே சேர்ந்துகொள்கிறீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். முன்பு ஒவ்வோர் ஆற்றிலும் மிதவைப் பாதைக்கு (ஆற்றைக் கடக்கும் மிதவைக்கு) காத்திருந்த காலத்தில் நாள் தள்ளிப்போவதுண்டு. 2009 இல் கிண்ணியாப் பாலமும் 2011 இல் உப்பாறு, கங்கை, இறால்குழிப் பாலங்களும் வந்த பிறகு, குழு மூதூருக்கு வந்து சேரும் நாளை ஓரளவு நிச்சயமாகச் சொல்ல முடிகிறது.

யானைப் பயம் கட்டைபறிச்சான் – சம்பூர் வழியில் உள்ள குடிமனைகளுக்குள் குறைவு. தம்பி போகவிருக்கும் ஈச்சிலம்பற்று, வெருகல் பக்கம் அது உண்மையான ஆபத்து. வெயிலுக்குப் பயந்தால் இருட்டில் நடக்க வேண்டும், யானைக்குப் பயந்தால் விடிந்த பிறகு நடக்க வேண்டும். அங்கே குழுத் தலைவர்கள் யானையைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள். முதல் நாள் மாலையே ஊர் விவசாயிகளிடம் யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று கேட்டு, தேவைப்பட்டால் வெளிச்சம் வரும்வரை புறப்படாமல் காத்திருப்பார்கள். அப்படிப் புறப்படும் நாளில் வெயிலில் கூடுதலாக இரண்டு மணிநேரம் நடக்க வேண்டியிருக்கும் என்பதைத் தம்பி எதிர்பார்த்து, தொப்பியோ தலைத்துண்டோ கொண்டுவரட்டும். காட்டோர வீதியில் கூட்டத்தை விட்டுப் பிந்தி நடக்கவோ, இயற்கைக் கடனுக்காகத் தனியே பற்றைக்குள் போகவோ கூடாது. கைபேசியில் படம் எடுக்க நிற்கும் இளைஞர்கள்தான் பெரும்பாலும் பிந்திவிடுகிறார்கள்; அவனிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வெருகலில் இருந்து திரும்புவதற்கு, மட்டக்களப்பு – திருகோணமலை வீதியில் மூதூர்ப் பக்கம் வரும் பஸ் பகலில் கிடைக்கும். இரவில் அதை நம்ப வேண்டாம். தம்பி அன்றிரவு கோயிலிலேயே தங்கிவிட்டு விடிந்ததும் திரும்பட்டும்.